பாட்டக்கா ஒளித்த வரி

பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முகம் கறுத்துப்போகிற ஒரே ஒரு மனுஷியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பாட்டக்காதான் அது. புகழ்ந்தவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். “நல்லாருக்குதுங்களா? சரீங்க” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார். அந்த ஆள் தெருமுனை திரும்பின பிறகு என் பக்கம் சாய்ந்து, நல்லாருக்கிறது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அடுத்தது எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள் என்பார். சொல்லிவைத்த மாதிரி அடுத்த வாரம் அந்த ஆள் வந்து அதையே கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சந்தேகப்படுகிறவர்களுக்கு எப்போதாவது ஒரு தடவையாவது கணக்குத் தப்ப வேண்டாமா?

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. துடியலூர்ப் பக்கம் மிஷன் நடத்திய பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே பிள்ளைகள் பாட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு பெற்றவர்கள் கூப்பிட்டு, கடைசியில் போதகர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அக்காவின் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டங்காட்டில் கூலி வேலை செய்தவர்கள். பாதிப்பேர் சபைக்கு வந்துவிட்டார்கள். மீதிப்பேர் மாரியம்மனோடு இருந்துகொண்டார்கள். அதில் சண்டை ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இங்கே சோறு, அம்மன் நோம்பிக்கு அங்கே சோறு.

பாட்டுக் கட்டுவதில் அக்காவுக்கு இணையாக ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பல் விளக்குவதற்கு ஒரு பாட்டு, மூக்குச் சிந்துவதற்கு ஒரு பாட்டு, மழை வரும்போது பயப்படாமல் இருக்க ஒரு பாட்டு. சபைக்கு என்றால் கீர்த்தனை. ஆனால் எதையும் எழுதமாட்டார். எழுதத் தெரியாமல் இல்லை. கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எழுதினால் காகிதம் கை மாறிவிடும் என்பது அவர் கட்சி. வாயிலிருந்து காதுக்குத்தான். அதுவும் யாருடைய காது என்று விசாரித்த பிறகு.

என்னையும் விசாரித்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி துடியலூருக்கு வந்த புதிது. பகலில் தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதமும் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்றார்கள், சேர்ந்தேன். பாட்டு கற்றுக்கொள்ள அக்கா வீட்டுக்குப் போனால், மனுஷி எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ஊர் எது, வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டார். வீட்டுக்காரர் பம்புசெட் கம்பெனியில் லேத்து ஓட்டுகிறார் என்றேன். “ஊட்டுல டேப்ரெக்கார்டர் இருக்குதுங்களா அம்மணி?” என்றார். இருக்கிறது, கல்யாணத்துக்கு வந்தது என்று பெருமையாகச் சொன்னேன். அவ்வளவுதான். அன்றைக்குப் பாட்டு இல்லை. காற்று அதிகமாக இருக்கிறது, தொண்டை சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ‘நாளைக்கு’ வர ஒரு மாசம் ஆயிற்று.

பாட்டில் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கடலையெண்ணெய் வாங்கினால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தூக்கை நீட்டுவார். டாக்டரிடம் போனால் வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன மாத்திரை எழுதியிருக்கிறார் என்று வாங்கிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை என்றால் அந்த டாக்டர் அன்றோடு சரி. போதகர் ஜெபம் பண்ணும்போது எல்லாரையும் கண்களை மூடச் சொல்வார். அக்கா ஒரு கண்ணைத்தான் மூடுவார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், “எல்லாரும் மூடிட்டா யாருங்க பாத்துக்கறது?” என்றார். நான் பார்த்தேன் என்றால் நானும் மூடவில்லை என்றுதானே அர்த்தம். அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகளிடம் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். காலையில் பால்வாடிக்கு வருகிற பிள்ளை, சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டார். சட்டையைத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். பாதிப் பிள்ளைகள் சாப்பிடாமல்தான் வந்திருக்கும். அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள், கேட்டால் சாப்பிட்டாயிற்று என்று சொல்ல வேண்டும் என்று. அக்கா உள்ளே கூட்டிப்போய், தன் தூக்குப்போசியில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்து வெளியே விடுவார். அந்த ஒரு விஷயத்துக்காக அவருடைய மற்ற சந்தேகங்களை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் என்னை நம்ப வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்குச் சபையில் ஒரு கதை உண்டு. அக்கா சிறு வயதில் கட்டின ஒரு கீர்த்தனையை, வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கேட்டுவிட்டுப் போய்த் தன் பேரில் அச்சடித்துவிட்டாராம். அந்தப் பாட்டை எங்கள் சபையிலும் பாடுவோம். பாடும்போது அக்கா எழுந்து நிற்பார், வாயைத் திறக்கமாட்டார். ஆனால் இன்னொரு கட்சியும் இருந்தது. பிரசங்கியார் நல்ல புலவர், இந்த அம்மாதான் அவருடைய பாட்டைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிறது என்று சபையின் பழைய மூப்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். நான் ஒரு தடவை அக்காவிடமே கேட்டேன். “நீங்க யாரை நம்பறீங்க?” என்று திருப்பிக் கேட்டார். உங்களைத்தான் என்றேன். “எதைப் பாத்து?” என்றார். அப்படிப்பட்டவரிடம் அன்பு செலுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அறுப்பின் பண்டிகை வந்தால்தான் அக்காவின் கெட்டிக்காரத்தனம் முழுசாகத் தெரியும். அன்றைக்கு ஆளாளுக்குத் தங்கள் காட்டில் விளைந்ததைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பூசணிக்காய், தேங்காய்க் குலை, கரும்பு, காலைக் கட்டிப்போட்ட சேவல் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். அக்காவுக்குக் காடும் இல்லை, கோழியும் இல்லை. வருஷத்துக்கு ஒரு புதுப் பாட்டு, அதுதான் அவர் படைக்கிற காணிக்கை. பிள்ளைகள் பாடுவார்கள். வாரக்கணக்கில் பழக்குவார். ஆனால் ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொடுக்கமாட்டார். அந்த இடம் வந்தால் பிள்ளைகள் ‘தந்தனத் தந்தன’ என்று இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும்.

பண்டிகை அன்று காலையில் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போவார். ஞாயிறு வகுப்பு எடுக்கிற எங்களை இரண்டு மூலையிலும் காவலுக்கு நிறுத்துவார். அங்கே வைத்துத்தான் அந்த வரி வெளியே வரும். சின்னஞ்சிறுசுகள் அதை வாயில் மிட்டாயை அடக்கிக்கொள்வது போல அடக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஓடுவார்கள். அந்த ஒரு வரிக்காகவே அன்றைக்கு நேரத்தோடு வந்து உட்காருகிற ஆட்கள் உண்டு. எதற்காக இந்தக் கூத்து என்று போதகர் ஒரு தடவை கேட்டதற்கு, சாமிக்குக் கொண்டுவந்ததை வழியிலேயே பிரித்துக் காட்டுவாங்களா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டினது இளகவே இல்லை. பேசினால் காற்றுத்தான் வந்தது. அந்த வருஷப் பாட்டை ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் பழக்க ஆரம்பித்திருந்தார். பிள்ளைகளோடு நான் ஒருத்தி, இன்னும் இரண்டு பெண்கள், ஆக மூன்று பேர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க நின்றோம். பாட்டு இதுதான்:

சோளக் கருது தலையாட்டுது, யாரைக் கண்டு, யாரைக் கண்டு?
வரப்பு மேல நடந்து வாற ஆண்டவரைக் கண்டு.
அவரைப் பந்தல் பூப்பூக்குது, யாரைக் கண்டு, யாரைக் கண்டு?

அதற்கு அடுத்த வரிதான் தந்தனத் தந்தன.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா ஆள் அனுப்பினார். போனேன். கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் அன்றைக்குத் தந்தனத்திலேயே நின்றுவிடக் கூடாது, அதனால் உங்களிடம் சொல்லிவைக்கிறேன் என்றார். “உங்ககிட்ட மட்டுந்தான் அம்மணி. ஊட்டுலயும் சொல்லிப்போடாதீங்க” என்றார். பிறகு என் காதோடு வாயை வைத்து அந்தக் காற்றுக் குரலில் பாடினார்: பட்டுச் சட்டை போட்டு வந்த பாலகனைக் கண்டு.

நான் தரையில் நடந்து வீட்டுக்கு வந்ததாக ஞாபகமில்லை. அக்கா என்னை நம்பிவிட்டார். வேறு யாரையும் இல்லை, என்னை. யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் பாட்டு என்றால் அது வாயில் வந்துவிடுகிறதே. தோசை வார்க்கும்போது, துணி அலசும்போது எனக்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பேன். முனகினது சத்தமாகவே வெளியே வந்திருக்கிறது போலிருக்கிறது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மாமியாரைப் பார்த்துவிட்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கேசட் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டும் டிரம்ஸும் சேர்த்துக்கொண்டு, சோளக் கருது தலையாட்டுது. என் கால் நின்றுவிட்டது. அக்காவின் மெட்டை வேகமாக்கி, கும்மாளமாக ஒரு பெண் குரல் பாடுகிறது. தந்தனம் வருகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். தந்தனம் வரவில்லை. பட்டுச் சட்டை போட்டு வந்த பாலகனைக் கண்டு என்று பளிச்சென்று வந்தது. கேசட் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு பாட்டுக்குழுவின் பேர் போட்டு, பாடல்கள் அனைத்தும் அவர்களுடைய ஆக்கம் என்று அச்சடித்திருந்தது. அக்கா பேர் எங்கேயும் இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். தொண்டை அதற்குள் தேறியிருந்தது. அவரும் கேட்டுவிட்டார் என்று பார்த்த உடனே தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வரியைப் பாடுங்கள் என்றார். பாடினேன்.

“அது என்னோட வரி இல்லீங்க அம்மணி. என்ற பாட்டுல பட்டுச்சட்டைக்காரன் எங்கீங்க வந்தான்?”

எனக்குப் புரியவில்லை. அவரே புரியவைத்தார், ஒரு கோபமும் இல்லாமல், பிள்ளைகளுக்குச் சொல்வது போல. மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உங்களிடம் மட்டும்தான் என்று சொல்லி, மூன்று வரி கொடுத்திருக்கிறார். ஒருத்திக்குப் பவுடர் பூசின பாலகன். ஒருத்திக்குப் பழம் தின்ன வந்த பாலகன். எனக்குப் பட்டுச் சட்டை. மூன்றும் பொய். எது வெளியே வருகிறதோ அந்த வாசல் வழியாகத்தான் திருடன் வந்தான் என்று அர்த்தம்.

அன்றைக்கு எனக்கு எதற்காக அழுகை வந்தது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திருடி என்று ஆனதற்கா, இல்லை, என்னை நம்பினார் என்று நான் கொண்டாடினது அத்தனையும் வெறும் வலை என்று தெரிந்ததற்கா. சத்தியம் செய்தேன். “சத்தியமெல்லாம் எதுக்குங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் சமையலறையில் பாடினதை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்திருக்கிறார். காந்திபுரத்தில் ரெக்கார்டிங் வைத்திருக்கிற சிநேகிதனிடம் கொடுத்திருக்கிறார். என் குரலைக் கேட்டு என்னையே பாடக் கூப்பிடுவார்கள், எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பார்த்தாராம். அந்தச் சிநேகிதன் என் குரலை விட்டுவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டான். “நான் நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சுபோட்டேன்” என்றார். லேத்து ஓட்டுகிற கைக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஊட்டுக்காரர் தலையில் பழியைப் போடுவது எல்லாரும் செய்கிறதுதானுங்க என்றார். விடவில்லை நான். மறுநாள் அந்த மனிதரையே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் அவர் வாயால் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். அக்கா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார், முறுக்கு எடுத்துவைத்தார், வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். எனக்கு மூச்சு வந்தது. அவர் வாசலில் சைக்கிளை எடுக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்:

“தங்கமான மனுசனுங்க. உங்களுக்காகப் பொய் சொல்றாரு பாருங்க.”

இதற்கு மேல் ஒருத்தி என்னதான் செய்வது, சொல்லுங்கள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பண்டிகை அன்று காலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிஜமான வரியைச் சொல்லிக்கொடுத்தார். என்னைக் காவலுக்கு நிறுத்தவில்லை, ஆனாலும் காதில் விழுந்தது. பசியோட வந்து நிக்கும் பாலகனைக் கண்டு. கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. பால்வாடி வாசலில் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு வரியில் நின்றார்கள். ஆனால் உள்ளே போய்ப் பாடும்போது நடந்தது வேறு. அதற்குள் அந்தக் கேசட் எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் பட்டுச் சட்டை என்று கத்தினார்கள். உட்கார்ந்திருந்த சனமும் கேசட்டைக் கேட்டுப் பழகினதுதானே, கூடச் சேர்ந்து கைதட்டிப் பாடிற்று. சிரிப்பும் சந்தோஷமுமாகக் கோயிலே அதிர்ந்தது. பசியோட என்று பாடின பிள்ளைகளின் சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று. அக்கா பீடத்துப் பக்கம் பூசணிக்காய்க் குவியலைப் பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவே இல்லை.

அதற்கப்புறமும் என்னை விலக்கிவிடவில்லை, அதுதான் இன்னும் மோசம். வருஷா வருஷம் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார், பாட்டுச் சொல்லித்தருவார், காபி கொடுப்பார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் எனக்குத் தந்தனத் தந்தன. மற்ற இரண்டு பெண்களும், எங்களுக்கு என்ன தலையெழுத்து என்று விலகிக்கொண்டார்கள். நான் போய்க்கொண்டே இருந்தேன். ரோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது இந்த மனுஷி வாயால் திருடினது நீங்கள் இல்லை என்று கேட்காமல் விடமாட்டேன் என்று ஒரு வீம்பு.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் அக்காவின் தொண்டையில் கட்டி என்று சொன்னார்கள். பால்வாடி வேலையை விட்டுவிட்டு மதுக்கரையில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண் மாரியம்மன் பக்கத்து ஆள். எங்கள் கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. பனியன் கம்பெனிக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டு, அத்தையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். நல்லபடியாகவே பார்த்துக்கொண்டாள். அக்கா மட்டும், அவள் கஞ்சியில் உப்பைக் குறைத்துப் போடுவது தன்னைச் சீக்கிரம் அனுப்பத்தான் என்று என்னிடம் புகார் சொல்லுவார்.

ஞாயிறு மத்தியானங்களில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே வேப்பமர இலையெல்லாம் சிமெண்ட் ஆலைத் தூசி படிந்து வெளுத்துக் கிடக்கும். ஒரு தடவை போனபோது அக்கா அண்ணன் மகளைச் சோடா வாங்கக் கடைக்கு அனுப்பினார். தன்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுசாக ஒரு பாட்டு, தன்னை அடக்கம் பண்ணும்போது பாட வேண்டும் என்று சொல்லி, மூச்சு வாங்கி வாங்கிப் பாடிக் காட்டினார்.

வேலமரத் தூளியிலே வெயில் படாமத் தூங்கு,
வேலை முடிஞ்சு அம்மா வாரா, அதுவரைக்கும் தூங்கு.
ஆளில்லேன்னு அழுகாதே, அம்மா பாட்டே காவல்,
அந்தியிலே தூக்கிக்குவா, அதுவரைக்கும் தூங்கு.

தந்தனம் எங்கேயும் இல்லை. முழுப்பாட்டு. திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, சுருதி இறங்கின இடத்தில் என் கையை அழுத்தி, சரியாக வருகிறவரைக்கும் விடவில்லை. பாடி முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கேட்டுவிட்டேன்: இதுலயும் ஏதாச்சும் மாத்தி வெச்சிருக்கீங்களாக்கா?

பிடித்திருந்த என் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சாகற நேரத்துல எதுக்கு கண்ணு மாத்தப் போறேன்?” என்றார். “அந்தக் கேசட்டு நீ குடுக்கலைன்னு எனக்குத் தெரியும்.”

இத்தனை வருஷத்தில் என்னை அம்மணி என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். கண்ணு என்றும் நீ என்றும் சொன்னது அன்றைக்குத்தான். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பாட்டையே பாடிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, என்னங்க விசேஷம் என்று கேட்டாள்.

அடுத்த மாசமே அக்கா போய்விட்டார். துடியலூருக்குக் கொண்டுவந்து சபைக் கல்லறையில் அடக்கம் பண்ணினோம். அவருடைய சனம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருந்தது. பழைய போதகர் மாற்றலாகிப் போய், புதிதாக ஒருவர் வந்திருந்தார். பெட்டியை இறக்குவதற்கு முன்னால், அக்காவின் கடைசிப் பாட்டு ஒன்று இருக்கிறது, நான் பாடலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினேன். வேலமரத் தூளியிலே என்று எடுத்ததும் எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. அண்ணன் மகள். மதுக்கரையில் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருப்பாளோ என்று நினைத்தேன். இரண்டாவது வரியும் ஒன்றாகவே போயிற்று. மூன்றாவதில், அம்மா பாட்டே காவல் என்று நான் பாடினேன். அவள், ஆண்டவர்தான் காவல் என்று பாடினாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம். கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசி வரியை எப்படியோ சேர்ந்து பாடி முடித்தோம்.

எல்லாரும் மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகு, குழாயடியில் கைகழுவும்போது அவளிடம் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. ஒரு நாள் அத்தை இவள் பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, சொல்லிக்கொடுத்தாராம். மாரியம்மனைக் கும்பிடுகிற எனக்கு எதற்கு ஆண்டவர் பாட்டு, மாற்றிக் கீற்றிச் சொல்லவில்லையே என்று இவளும் கேட்டிருக்கிறாள்.

“சாகற நேரத்துல எதுக்கு கண்ணு மாத்தப் போறேன்னு சொன்னாங்க அத்தை” என்றாள். “உங்களுக்கும் சொல்லிக்குடுத்தாங்களா?”

எனக்கு அழுகை நின்றுபோயிற்று. கிட்டத்தட்ட பத்து வருஷம் கோயிலில் பாட்டு நடத்தினவள் நான். எனக்கு ஆண்டவரைத் தராமல், வாசலை மிதிக்காதவளுக்குக் கொடுத்திருக்கிறார். இல்லை, அவளுக்குக் கொடுத்ததுதான் பொய்யா? முன்னெல்லாம் பொய் வரி என்றால் பட்டுச் சட்டை, பவுடர் என்று பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். இது இரண்டும் நன்றாக இருக்கிறதே. எதைப் பிடித்துக் கண்டுபிடிப்பது? என் வரி பொய்யென்றால், அதே மூச்சில் நீ குடுக்கலைன்னு தெரியும் என்று சொன்னாரே, அது மட்டும் எப்படி நிஜமாகும்? அவளும் ஈரக் கையைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் சரியாகக் கேட்டீர்களா என்றாள். நீ சரியாகக் கேட்டாயா என்றேன்.

அந்தப் பக்கமாக வந்த புதுப் போதகர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். ரெண்டும் அவங்க வாயில வந்த வரிதானேம்மா, ரெண்டுமே உண்மையா இருக்கலாமே என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு அக்காவைத் தெரியாது.